பைக்கின் அலுமினிய ஹெட்டில் கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கை மரை போகாமல் கழற்றுவது எப்படி?

பிளக் வரவில்லை என்றதும் ஸ்பானர் கைப்பிடியில் நீளக் குழாயைச் சொருகி ஒரே மூச்சில் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக் வந்துவிடும். கூடவே ஹெட்டின் (சிலிண்டரின் மேல்மூடி) மரையும் சுருள் சுருளாக வரும். பிளக் விலை நூறு, இருநூறு ரூபாய்தான். ஹெட்டை இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் செலவே வேறு. அதனால் பிளக் கெட்டாலும் பரவாயில்லை, ஹெட்டைக் காப்பாற்றுவோம்.

ஏன் பிடித்துக்கொள்கிறது? பிளக்கின் உடல் எஃகு, ஹெட் அலுமினியம். எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி படிந்து கல்லாக இறுகிவிடும். நீளம் தவறான பிளக் போட்ட வண்டிகளில் இது அதிகம். என்ஜிகே கம்பெனி பிளக்கின் மேல் இருக்கும் குறியீட்டில் முதல் எழுத்து மரையின் விட்டம்: சி என்றால் 10 மி.மீ., டி 12, பி 14. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து மரையின் நீளம்: எச் 12.7 மி.மீ., ஈ 19 மி.மீ. எச் போட வேண்டிய இடத்தில் ஈ போட்டால் மிச்ச மரை உள்ளே நீட்டி நிற்கும். பிஸ்டனில் இடிக்கவும் செய்யலாம்.

வேலையை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். சாவியை ஆஃப் செய்து, பிளக் கேப்பை வயரைப் பிடித்து இழுக்காமல் கேப்பையே பிடித்துக் கழற்றுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மண் நிறைய இருக்கும். காற்றடித்து அதை வெளியேற்றுங்கள்; வீட்டில் வசதி இல்லையென்றால் பஞ்சர் கடையில் அடித்துக்கொள்ளலாம். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

பிறகு துரு நீக்கும் எண்ணெய். டபிள்யூடி-40 போதும். பிளக் அடிவாரத்தில் அடித்து, ராத்திரி முழுக்க விடுங்கள். ஒரு விஷயம்: வாஷர் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்வரை எண்ணெய் மரைக்குள் அதிகம் இறங்காது. கால் சுற்றுக்கும் குறைவாகப் பிளக் அசைந்த பிறகு அடிக்கும் எண்ணெய்தான் உண்மையில் வேலை செய்கிறது.

ஸ்பானர் சரியான அளவாக இருக்கட்டும். 10 மி.மீ. மரைப் பிளக்குக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. ஸ்பானர். நேராக, சாயாமல் உட்கார வேண்டும். சாய்ந்தால் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடையும். கையை மட்டும் நம்பி மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள்.

இனி கவனம். பிளக் கொஞ்சம் லேசாகச் சுற்றும், பிறகு ‘கரகர’ என்று இறுகும். கீழ் மரையில் ஒட்டிய கரி ஹெட்டின் மரைக்குள் ஏறுகிறது என்று அர்த்தம். இங்கேதான் மரை போகிறது. உடனே நிறுத்தி, பாதி சுற்று திரும்ப உள்ளே முடுக்கி, எண்ணெய் அடித்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி வெளியே திருப்புங்கள். முன்னும் பின்னுமாக, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

கொஞ்சமும் அசையவில்லையா? வெளியே வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, கேப்பை மறுபடி மாட்டி, வண்டி ஸ்டார்ட் ஆகுமானால் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது முயலுங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிடி கொஞ்சம் தளரும். கொதிக்கும் இன்ஜினில் வேண்டாம். தீயால் சூடாக்கும் புளோ லேம்ப் பக்கமே போகாதீர்கள், மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. இதற்கும் வரவில்லையென்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

வெளியே வந்ததும் ஹெட்டின் மரையைச் சுத்தம் செய்யாமல் புதுப் பிளக்கை ஏற்றாதீர்கள். அதே அளவுள்ள பழைய பிளக் ஒன்றின் மரையில் ஹேக்சா பிளேடால் நெடுக்காக இரண்டு மூன்று வெட்டு போட்டு, பிசிரை அரத்தால் தேய்த்து, வெட்டில் கிரீஸ் அப்பிக் கையால் ஏற்றி இறக்குங்கள். கரித்துகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு ஓட்டையின் மேல் துணி போட்டு, சாவி ஆஃபில் இருக்க, நாலைந்து முறை கிக்கரை உதைத்தால் மிச்சமும் வெளியே பறக்கும். முகத்தைக் கிட்டே வைக்காதீர்கள்.

புதுப் பிளக்கை விரலாலேயே கடைசிவரை இறக்குங்கள். நடுவில் தடுத்தால் மரை மாறி ஏறுகிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். வாஷர் தொட்ட பிறகு 10 மி.மீ. பிளக்குக்கு அரைச் சுற்று. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். புதுப் பிளக்கின் மரையில் கிரீஸ் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வழுக்கலில் தேவைக்கு மேல் இறுகி, பிளக் கழுத்து அறுந்துவிடும்.

கழற்றிய பிளக்கின் முனையையும் பாருங்கள். உலர்ந்த கறுப்புத் தூளாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டரில் ஆரம்பியுங்கள். ஈரமான எண்ணெய்க் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங், வால்வ் சீல் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.