டி-சர்ட் பிரிண்டுக்கு ஃபைல் தயார் செய்வது: ஒரு பாலமேட்டு ஆர்டரை வைத்து ஆரம்பப் பாடம்

மார்கழி பாதி தாண்டினால் என் வாட்ஸ்அப் நிரம்ப ஆரம்பித்துவிடும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு வருகிறது. ஊருக்கு ஊர் இளைஞர் குழு, குழுவுக்குக் குழு டி-சர்ட். "அண்ணே, டிசைன் அனுப்பிருக்கேன், நாளைக்கு 40 பீஸ் கிடைக்குமா?" என்று மெசேஜ் வரும். படத்தைத் திறந்தால் ஃப்ளெக்ஸ் பேனருக்குச் செய்த டிசைன்! மதுரையில் வடிவமைப்பு கற்றுக்கொள்ளும் பையன்கள் பெரும்பாலும் ஃப்ளெக்ஸில்தான் கை பழகுகிறார்கள். ஃப்ளெக்ஸை ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். 72 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி) இருந்தாலும் சமாளித்துவிடும். டி-சர்ட்டைக் கை எட்டும் தூரத்தில் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள், பாலமேட்டுக் குழு ஒன்றுக்கு நான் செய்த டிசைனையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கறுப்பு டி-சர்ட், நெஞ்சில் ஒரு காளை, கீழே "பாலமேடு" என்று பெரிதாக.

1. கம்ப்யூட்டருக்கு முன்னால் இஞ்ச் டேப்

முதல் வேலை அளவு. டி-சர்ட்டைத் தரையில் விரித்து அளந்து பாருங்கள். 38 சைஸ் பனியனை விரித்தால் அகலம் ஏறக்குறைய 19 அங்குலம். அதில் 13 அங்குலத்துக்கு டிசைன் போட்டால் ஓரம் அக்குள் பக்கம் போய் மடியும். முன்பக்கத்துக்கு 10 அல்லது 11 அங்குல அகலம் போதும். பாக்கெட் இடத்தில் வரும் சின்ன லோகோ என்றால் 3 முதல் 3½ அங்குலம். கழுத்துப் பட்டியிலிருந்து 3 அங்குலம் கீழே டிசைன் ஆரம்பிக்கட்டும். அதற்கு மேலே ஏறினால் தாடைக்குக் கீழே தொங்குகிற மாதிரி இருக்கும்.

இப்போது இங்க்ஸ்கேப்பைத் திறங்கள். இலவச டிசைன் சாஃப்ட்வேர், தமிழும் ஒழுங்காக வரும். டாகுமென்ட் ப்ராபர்ட்டீஸில் அலகை அங்குலமாக்கி, 10 அகலம், 12 உயரம் என்று பக்கத்தை வையுங்கள். கோரல்டிராவில் கை பழகியிருந்தால் அதிலேயே செய்யலாம், முறை ஒன்றுதான்.

2. எந்த முறையில் அச்சு என்று கேளுங்கள்

இதைக் கேட்காமல் ஆரம்பித்தால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். ஒரே டிசைன், ஒன்றிரண்டு கலர், 40 பீஸ் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் கட்டிய வலை (ஸ்கிரீன்) வழியாக மையைத் துணியில் தள்ளுவது. நாலைந்து பீஸ்தான், அதில் போட்டோ மாதிரி பல கலர் என்றால் டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றுவது. சப்ளிமேஷன் (சூட்டில் சாயத்தைத் துணிக்குள் ஏற்றுவது) என்று யாராவது சொன்னால், அது வெள்ளை அல்லது வெளிர்நிற பாலியஸ்டர் துணிக்கு மட்டும்தான். கறுப்புக் காட்டனில் ஒட்டாது. பாலமேட்டு ஆர்டர் ஸ்கிரீனுக்குப் போனது.

3. காளைப் படம்

அவர்கள் அனுப்பியது போனில் எடுத்த படம், அகலம் 1280 பிக்சல். கணக்கு சுலபம்: பிக்சலை அங்குலத்தால் வகுங்கள். 1280-ஐ 10-ஆல் வகுத்தால் 128. நமக்கு வேண்டியது 300, அதாவது 3000 பிக்சல் அகலம். 200 இருந்தால் சமாளித்துவிடலாம். 128-ஐ வைத்துக்கொண்டு போட்டோஷாப்பில் 300 என்று எண்ணை மாற்றுவது பாலில் தண்ணீர் ஊற்றுவதுதான். அளவு கூடும், சத்து கூடாது.

ஒரிஜினல் படத்தை வாட்ஸ்அப்பில் 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் கொடுக்கும்.

ஸ்கிரீனுக்கு எப்படியும் படத்தைக் கோட்டுருவமாக மாற்ற வேண்டும். இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் 'டிரேஸ் பிட்மேப்' இருக்கிறது. பிரைட்னஸ் கட்ஆஃபைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், காளையின் திமிலும் கண்ணும் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. டிரேஸ் ஆன உருவம் பழைய படத்தின் மேலேயே வந்து உட்காரும். அதை இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியில் கிடக்கும் போட்டோவை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபைலோடு அதுவும் சேர்ந்து போகும்.

4. தமிழ் எழுத்து

இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகலாம், எனக்கே அடி விழுந்த இடம் இது. சில வருஷத்துக்கு முன் இதே ஊர்ப் பெயரைப் போட்டோஷாப்பில் டைப் செய்தேன். தமிழுக்கான அமைப்பை மாற்றாத போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறிவிடும். மகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு அதைத் தாண்டிப்போய் டகரத்துக்கு முன்னால் நின்றது. படித்தால் 'பாலமடே' மாதிரி இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைக் கவனிக்கவில்லை. 40 பீஸும் அச்சாகிவிட்டது. காளைக்குக் கொம்பு கனகச்சிதமாக இருந்தது, எழுத்துக்குத்தான் இல்லை. காசு என் கையிலிருந்து போனது.

போட்டோஷாப்பையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் டைப் அமைப்புகளில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே கிடையாது.

அடுத்தது ஃபாண்ட். பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் அடித்த ஃபைலை, அந்த ஃபாண்ட் இல்லாத கடையில் திறந்தால் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கலந்து கிடக்கும். யூனிகோட் ஃபாண்ட் என்றாலும் கடையில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துவிடலாம். அதனால்தான் பிரஸ்காரர்கள் "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்கிறார்கள். எழுத்தை எழுத்தாக இல்லாமல் உருவமாக மாற்றிவிடுவதுதான் கர்வ். கோரல்டிராவில் கன்ட்ரோல்-க்யூ. இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. கர்வ் பண்ணாத ஒரு காப்பியைத் தனியாகச் சேமித்துவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

எழுத்தின் தடிமனையும் பாருங்கள். ழ, ஞ, ண எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் இடைவெளி மிகச் சிறிதாக இருந்தால் மை அடைத்துக்கொள்ளும். கோடு ஒரு பாயின்ட்டுக்குக் (அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) குறையக் கூடாது, மைக்கு நடுவில் விடும் இடைவெளி ஒன்றரை பாயின்ட்டாவது இருக்கட்டும். முதுகில் 'உபயம்' போட்டு 14 பேர் பெயரைப் பொடி எழுத்தில் கேட்பார்கள். 5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே நான் எடுப்பதில்லை. சண்டை வரும், வரட்டும்.

5. கலர்

ஸ்கிரீனில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம் (ஸ்கிரீனில் உருவத்தைப் பதிய வைக்கும் ஒளி ஊடுருவும் ஷீட்), ஒரு ஸ்கிரீன். கலர் கூடினால் காசும் கூடும். பாலமேட்டுக்கு இரண்டே கலர், வெள்ளையும் மஞ்சளும். டி-சர்ட்டே கறுப்பு என்பதால் காளையின் கறுப்பை அச்சடிக்கவே இல்லை, துணியையே கறுப்பாக விட்டுவிட்டோம். மை குறைவு, வெயிலில் உடம்பிலும் ஒட்டாது.

ஆனால் மஞ்சள் மையை நேராகக் கறுப்புத் துணியில் போட்டால் பாசி பிடித்த மாதிரி மங்கிவிடும். அதற்கு அடியில் ஒயிட் பேஸ் வேண்டும். இந்த வெள்ளை, மேலே வரும் மஞ்சளைவிட ஓரமெல்லாம் மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். ஒரு பாயின்ட் குறைத்தால் போதும். குறைக்காவிட்டால் ஸ்கிரீன் துளி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும்.

ஒவ்வொரு கலரையும் தனி லேயரில் வைத்து, ஃபிலிமுக்கு எல்லாவற்றையும் முழுக் கறுப்பாக மாற்றுங்கள். மஞ்சள் லேயரும் ஃபிலிமில் கறுப்புதான், இதில் எல்லோரும் ஒரு தடவை குழம்புவார்கள். கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார, எல்லா லேயரிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி மாதிரி ரிஜிஸ்ட்ரேஷன் மார்க் வையுங்கள். பக்கத்தில் கலர் பெயரையும் எழுதிவிடுங்கள். ஷேடு, கிரேடியன்ட் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அதற்குப் புள்ளிப்புள்ளியாக ஹாஃப்டோன் பிரிக்க வேண்டும், அது தனிப் பாடம்.

டிடிஎஃப் என்றால் இந்தப் பிரிப்பு எதுவும் வேண்டாம். பேக்ரவுண்டை நீக்கிய பிஎன்ஜி கொடுத்தால் ஒயிட் பேஸை மெஷினுக்கான சாஃப்ட்வேரே போட்டுக்கொள்ளும். மங்கலாகக் கரையும் நிழலும் க்ளோவும் மட்டும் வேண்டாம், அந்த ஓரத்தில் வெள்ளை உப்புத் தூவிய மாதிரித் தெரியும். ஜேபிஜி கொடுத்தால் காளையைச் சுற்றி வெள்ளைச் சதுரமும் சேர்ந்தே வரும்.

6. எக்ஸ்போர்ட்

ஸ்கிரீனுக்கு பிடிஎஃப் போதும். பிஎன்ஜி எடுக்கும்போது இங்க்ஸ்கேப் தானாக 96 டிபிஐ என்று காட்டும், அதை 300 ஆக்குங்கள். அகலம் 3000 பிக்சல் வருகிறதா என்று பாருங்கள். ஃபைலுக்கு 'ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைக்காமல் ஊர், அகலம், கலர் எண்ணிக்கை மூன்றையும் பெயரிலேயே எழுதுங்கள்.

அனுப்புவதற்கு முன் சாதாரண பிரிண்டரில், நூறு சதவீத அளவில், இரண்டு ஏ4 தாளில் எடுத்து ஒட்டி, பனியன் மேல் குத்திப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் பிரமாதமாக இருந்தது துணியில் எவ்வளவு பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அந்தத் தாளையே ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பழைய அடிக்குப் பிறகு இதை நான் விடுவதே இல்லை. இந்தத் தடவை தாளைப் பிடித்துப் பார்த்த தம்பி, "பேரெல்லாம் சரியா இருக்குண்ணே" என்றான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வாடிவாசல்ல இருந்து பாயுற காளைக்கு மூக்கணாங்கயிறு எதுக்குண்ணே? அதை அங்கேயே அறுத்து விட்டுருவாங்களே" என்றான். அழிக்க இரண்டு நிமிடம் ஆனது.