6502 செயலியில் ஜேஎஸ்ஆர்: ஆறு சுழற்சிகளில் நடப்பது என்ன?

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சப்ரூட்டீனை (நிரலின் பல இடங்களிலிருந்தும் அழைக்கக்கூடிய துணை நிரலை) அழைக்கும் ஜேஎஸ்ஆர் கட்டளையை, 1975-இல் வெளிவந்த 6502 செயலி ஆறு சுழற்சிகளில், அதாவது ஆறு கடிகாரத் துடிப்புகளில், எப்படி நிறைவேற்றுகிறது என்று பார்ப்போம். ஆப்பிள் 2 கணினிக்குள் இருந்தது இந்தச் செயலிதான்.

முதலில் நினைவகத்தை எழுதுங்கள். முகவரிகளும் பைட்டுகளும் பதினாறடிமான எண்கள்.

0600: 20
0601: 50
0602: 34

20 என்பது ஜேஎஸ்ஆர். போகவேண்டிய முகவரி 3450. கீழ் பைட்டை முன்னால் வைப்பது 6502-இன் வழக்கம். திரும்பிவரவேண்டிய முகவரியைச் சேமிக்கும் நினைவகப் பகுதி ஸ்டாக்; அதில் அடுத்து எழுதவேண்டிய இடத்தைக் காட்டுவது ஸ்டாக் சுட்டி. அந்தச் சுட்டியில் 82 இருக்கட்டும். 6502-இல் ஸ்டாக்கின் முகவரிகள் எல்லாம் 01 என்று தொடங்குவதால், அது காட்டும் இடம் 0182.

சுழற்சி 1: செயலி 20-ஐப் படிக்கிறது. அடுத்துப் படிக்கவேண்டிய முகவரியை வைத்திருக்கும் நிரல் சுட்டி 0601 ஆகிறது.

சுழற்சி 2: 50-ஐப் படிக்கிறது. நிரல் சுட்டி 0602.

சுழற்சி 3: வெளியிலிருந்து பார்த்தால், 0182-ஐ வெறுமனே படித்துவிட்டு அந்த மதிப்பைப் பயன்படுத்தாமல் விடுகிறது. உள்ளேதான் விஷயம் இருக்கிறது. 50-ஐப் பத்திரமாக வைக்கத் தனிப் பதிவகம் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) இல்லை. எனவே ஸ்டாக் சுட்டியின் பதிவகத்திலேயே 50 தற்காலிகமாகக் குடியேறுகிறது. உண்மையான சுட்டி மதிப்பைக் கணக்கீட்டு அலகு பார்த்துக்கொள்கிறது. இந்தச் சிக்கனத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சுழற்சி 4: நிரல் சுட்டியின் மேல் பைட்டான 06, 0182-இல் எழுதப்படுகிறது.

சுழற்சி 5: கீழ் பைட்டான 02, 0181-இல் எழுதப்படுகிறது. ஸ்டாக் சுட்டியின் புதிய மதிப்பு 80.

சுழற்சி 6: இப்போதுதான் 34 படிக்கப்படுகிறது. காத்திருந்த 50-உடன் சேர்ந்து அது நேரே நிரல் சுட்டிக்குள் போகிறது: 3450.

இப்போது தாளைப் பாருங்கள். ஸ்டாக்கில் இருப்பது 0602; அடுத்த கட்டளை இருப்பதோ 0603-இல். ஒன்று குறைகிறதே என்று தொடக்கத்தில் பலரும் குழம்புவது இங்கேதான். மூன்றாவது பைட்டைப் படிப்பதற்கு முன்பே முகவரி சேமிக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். முன்கூட்டியே படித்திருந்தால் 34-ஐயும் வைக்க ஓர் இடம் தேடவேண்டியிருக்கும். இசட்80 செயலி இரண்டு பைட்டுகளையும் முதலில் படித்துவிட்டு, சரியான திரும்பும் முகவரியையே சேமிக்கிறது. அதற்கு 17 கடிகாரத் துடிப்புகள் ஆகின்றன.

6502-இல் குறையும் அந்த ஒன்றைத் திரும்பும் கட்டளையான ஆர்டிஎஸ் ஈடுகட்டுகிறது. அதற்கும் ஆறு சுழற்சிகள்தான். ஸ்டாக்கிலிருந்து 02, பிறகு 06 எடுத்து, கடைசிச் சுழற்சியில் ஒன்று கூட்டி 0603-க்கு வருகிறது.

ஆகவே, நீங்களே ஒரு முகவரியை ஸ்டாக்கில் வைத்து ஆர்டிஎஸ் மூலம் 3458-க்குத் தாவ விரும்பினால், முதலில் 34, அடுத்து 57 என்று வையுங்கள். 58 வைத்தால் 3459-இல் போய் நிற்பீர்கள்.