கோயில் காம்பவுண்டில் கடை போடுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்துச் சேகரத்திலிருந்து, அதாவது பக்கத்துக் கிறிஸ்தவ சபை வட்டாரத்திலிருந்து, நாலு வாலிபர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அறுப்பின் பண்டிகைக்கு விற்பனையும் ஏலமும் வைக்கப் போகிறார்களாம். பந்தல், மைக் செட், பஜ்ஜிக்கு எத்தனை கிலோ கடலை மாவு என்றெல்லாம் பேசி முடித்த பிறகு ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, ஏல நோட்டுக்கு நாற்பது பக்கம் போதுமா, எண்பது பக்கம் வாங்கணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே உற்சாகத்தோடு நானும் கேட்டவன். எண்பது பக்கமே வாங்கினேன். அந்த நோட்டு செய்த வேலையைத்தான் இங்கே அதிகமாகச் சொல்லப் போகிறேன்.

ஆராதனை நேரத்தில் கடை திறக்காதீர்கள், ஊசிப்போன வடையை விற்காதீர்கள், சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அதை உங்கள் ஊர்ப் பாட்டிமார் மறக்க விடமாட்டார்கள்.

"இது கர்த்தருடைய வேலைக்குத்தானே" என்று ஆரம்பிப்பது

கோயிலில் விற்பனை என்றதும் கமிட்டியில் ஒருவர் எழுந்து "என் பிதாவின் வீட்டை வியாபார வீடாக்காதிருங்கள்" என்பார். யோவான் இரண்டாம் அதிகாரம்; எருசலேம் ஆலயத்தில் கடை போட்டிருந்தவர்களை இயேசு துரத்தியபோது சொன்னது. உடனே இன்னொருவர், "அவர்கள் லாபத்துக்கு விற்றார்கள், நாம் ஊழியத்துக்கு விற்கிறோம்" என்பார். விவாதம் அத்தோடு முடிந்து டீ வந்துவிடும்.

அந்தப் பதில் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. எருசலேமில் விற்கப்பட்டவை வளையலும் பலூனும் இல்லை. ஆடும் மாடும் புறாவும் பலிக்கு வேண்டியவை. ஆலய வரியைத் தீரு நகரத்து வெள்ளிக் காசில்தான் கட்ட வேண்டும் என்பதால் காசு மாற்றிக் கொடுக்கிற காசுக்காரரும் தேவைப்பட்டார். "நாங்களும் ஆராதனைக்காகத்தான் விற்கிறோம்" என்று நம்மைவிட அழுத்தமாக அவர்களால் சொல்லியிருக்க முடியும். ஆகவே நோக்கம் நல்லது என்பதை வைத்துத் தப்பிக்க முடியாது.

எனக்குப் படுவது வேறு. அந்தக் கடைகள் இருந்தது புறஜாதியார் பிராகாரத்தில் என்று வேத பண்டிதர்கள் பலர் சொல்கிறார்கள். யூதரல்லாதவர் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஜெபிக்க அவர்களுக்கென்று இருந்த ஒரே இடத்தில் மாடு கட்டியிருந்தது. "சகல ஜனங்களுக்கும் ஜெபவீடு" என்ற ஏசாயாவின் வார்த்தை, இதே சம்பவத்தை மாற்கு எழுதும்போது எடுத்துச் சொல்லப்படுவது சும்மா இல்லை.

எங்கள் கோயிலில் முதல் ஸ்டாலை வேப்பமரத்தடியில் போட்டோம். நல்ல நிழல், எல்லார் கண்ணிலும் படும் இடம். மூன்றாவது வாரம்தான் கவனித்தேன். முதல் பஸ்ஸில் வந்துவிட்டு ஆராதனை தொடங்கும்வரை அந்தக் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற இரண்டு கிழவிகளைக் காணவில்லை. வெயிலில் மதிலோரம் நின்றிருந்தார்கள். ஸ்டாலை சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்றினோம். விற்பனை கொஞ்சம் குறைந்தது. குறையட்டும் என்று விட்டுவிட்டோம்.

எல்லா விற்பனையையும் ஒரே தராசில் நிறுப்பது

விற்பதே தப்பு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1820 வாக்கில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்த லேஸை விற்ற காசு பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனது. பின்னிய பெண்களின் கைக்கும் கூலி வந்தது. அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. அந்த விற்பனை இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் எழுத்து தெரிந்த பாட்டி இருந்திருக்க மாட்டாள்.

பிடியரிசியும் அப்படித்தான். உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்து, பானை நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதைச் சபை விற்கும். சந்தை விலைக்கு, அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. வாங்குகிறவருக்கும் ஆதாயம். இதில் என்ன குற்றம்? பாட்டுப் புஸ்தகம், வேதாகமம், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் போடும் ஊறுகாய் எல்லாம் இந்த வகை. பொருளுக்கு விலை; விலைக்குப் பொருள்.

வம்பு வருவது பொருளின் விலைக்கு மேலே ஏறும்போது.

ஏலத்தைக் கடனுக்கு விடுவது

இதுதான் அந்த நோட்டு.

வெளியூர்க்காரர்களுக்காக: அறுப்பின் பண்டிகையில் ஜனங்கள் தங்கள் விளைச்சலில் முதல் பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, பூசணி, சேவல், சில சமயம் ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். முப்பது ரூபாய் எலுமிச்சம்பழம் மூவாயிரத்துக்குப் போகும். அது பழத்துக்கான விலை இல்லை, காணிக்கை என்று எல்லாருக்கும் தெரியும். அதுவரை சரி.

ஆனால் கையில் மூவாயிரம் வைத்துக்கொண்டு யாரும் ஏலம் கேட்பதில்லை. பெயரைச் சொன்னால் போதும், நோட்டில் எழுதிக்கொள்வோம், "கிறிஸ்மஸுக்குள் கட்டிவிடலாம்." இந்த வசதிதான் விஷம்.

அந்த வருஷம் மைக் என் கையில். செவ்வாழைத் தார் ஒன்று வந்தது. அப்போது கடையில் முந்நூறு ரூபாய் பெறும். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் ஆயிரம் என்றார். லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் ஆயிரத்து ஐந்நூறு என்றார். இவர் இரண்டாயிரம், அவர் இரண்டாயிரத்து ஐந்நூறு. கூட்டம் கைதட்டியது. ஐயாயிரத்தில் லோடு ஆட்டோக்காரர் பேசாமல் நின்றார். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தது மேடையிலிருந்த எனக்குத் தெரிந்தது. அப்போது நான் மைக்கில் சொன்னேன்: "கர்த்தருக்குக் கொடுக்கிறதில் கணக்குப் பார்க்கலாமா அண்ணாச்சி?"

அவர் ஆறாயிரம் என்றார். பதினோராயிரத்தில் நான் மூன்று தரம் சொல்லி முடித்தேன். தார் அவர் பெயருக்கு.

அவர் ஏழை என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஆனால் ஆட்டோவுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், கூட்டம் சிரிக்க வேண்டும் என்பதற்காக.

அன்று மாலை நோட்டைக் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். கமிட்டியில் ஒரே குதூகலம். பணம் வந்துவிட்டதாகவே நினைத்து மறுவாரம் காம்பவுண்டுச் சுவருக்குக் கொத்தனாரைப் பேசினோம். ஹார்டுவேர் கடையில் சிமெண்டும் கம்பியும் கடனுக்கு இறக்கினோம். ஈஸ்டர் வரை உண்மையில் வசூலானது அறுபத்தோராயிரம். சுவர் இடுப்பளவில் நின்றது. ஆடுகள் அதைத் தாண்டிப் பழகிக்கொண்டன.

அப்புறம் நாங்கள் செய்தது அதைவிட மோசம். ஹார்டுவேர் கடைக்காரர் நெருக்கவே, பாக்கிக்காரர் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கோயில் வாசல் நோட்டீஸ் போர்டில் குத்தினோம். நாற்பத்திரண்டு பெயர்கள். "இது நினைவூட்டல் மாத்திரமே" என்று கீழே ஒரு வரி. எழுதினது நான்தான். ஒன்பதாவது பெயர் லோடு ஆட்டோக்காரருடையது.

அடுத்த ஞாயிறு பாதிப் பேர் கட்டினார்கள். கட்டாதவர்களில் சிலர் கோயிலுக்கு வரவில்லை. நாளடைவில் சிலர் திரும்பி வந்தார்கள். லோடு ஆட்டோக்காரர் வரவேயில்லை. அவருடைய மகள் அந்த வருஷம் திருவிருந்து பெறத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் இருந்தாள், அவளும் நின்றுவிட்டாள். அவருடைய அம்மா மட்டும் கொஞ்ச நாள் தனியாக வந்து, கடைசித் தூணோரம் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவார். யாரிடமும் பேசுவதைத் தவிர்க்கத்தான்.

மரியாளும் யோசேப்பும் பிள்ளையைக் கொண்டுவந்தபோது கொடுத்தது இரண்டு புறாக்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் அனுமதித்த காணிக்கை அது. கொடுக்க முடிந்ததைக் கொடு என்று நியாயப்பிரமாணமே இடம் விட்டிருக்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் அந்த இடத்தை அடைத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான், பாதி என் மேலேயே.

இப்போது எங்கள் வழக்கம் இது. பணம் கொடுத்தால்தான் பொருள், அங்கேயே ரசீது. கையில் இல்லாதவர் ஏலம் கேட்க முடியாது. விலைக்கு மேலே கொடுக்க விரும்புகிறவர் கவரில் போட்டுப் பெட்டியில் போடட்டும். ஏலம் விடுகிறவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது; வசனம் சொல்லி விலை ஏற்றக் கூடாது. போன வருஷம் ஒரு நாட்டுச் சேவல் 650 ரூபாய்க்குப் போனது. "முந்தி ஆறாயிரத்துக்குப் போகுமே" என்று ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். முந்தி ஆறாயிரம் என்று எழுதினோம், அவ்வளவுதான்.

சொந்த நம்பர் கியூஆர்

பொருளாளரின் ஜிபே அட்டையை மேஜையில் ஒட்டாதீர்கள். அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் வேண்டாம். யோக்கியராக இருந்தால் அவருக்காகவே வேண்டாம்.

இரண்டு பணத்தையும் ஒரே பையில் போடுவது

காணிக்கை வேறு, விற்பனைப் பணம் வேறு. மனசாட்சிக்காக மட்டும் சொல்லவில்லை. அறக்கட்டளைகள் வியாபார வருமானத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் நிபந்தனை. நாங்கள் முதல் மூன்று வருஷம் எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டோம். ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ரோட்டோரமாகக் கடை கட்டி வாடகைக்கு விடும் டவுன் சபைகளுக்கு இன்னொன்று. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, பொது வழிபாட்டுத் தல வளாகத்தில் மாதம் 10,000 ரூபாய்க்குக் குறைந்த கடை வாடகைக்கும், நாளைக்கு 10,000 ரூபாய்க்குக் குறைந்த மண்டப வாடகைக்கும் விலக்குக் கொடுத்தார்கள். அதற்கு மேலே போனால் ஆடிட்டரைப் பாருங்கள். கமிட்டி உறுப்பினரின் மைத்துனருக்குப் பழைய வாடகைக்கே விட்டிருந்தால் ஆடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

மந்திரித்துவிட்டு விற்பது

இது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கக்) கோயில் ஸ்டால் பார்க்கும் என் நண்பர் சொன்னது. சாமியாரிடம் மொத்தமாக மந்திரித்து வாங்கி வைத்து, "மந்திரித்த ஜெபமாலை" என்று அட்டை எழுதி விற்றார்களாம். அவர்கள் சபை விதிப்படி, மந்திரித்த பொருளை விற்றால் அதோடு சேர்ந்த பலன்கள் நீங்கிவிடும். முதலில் விற்க வேண்டும், வாங்கினவர் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும். எங்களுக்கு ஜெபமாலை கிடையாது. ஆனால் "ஜெபித்த எண்ணெய்" என்று பாட்டிலில் விலை ஒட்டி விற்கிற கூட்டங்களைப் பார்க்கும்போது இந்த விதி நமக்கும் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

பீடத்திலிருந்து விளம்பரம்

ஐயர், அதாவது எங்கள் குருவானவர், சொன்னால் அது விளம்பரம் இல்லை, கட்டளை. அறிவிப்புத் தாளில் ஒரு வரி போதும்.

காலண்டர்

ஜனவரி இரண்டாம் ஞாயிறுக்கு மேல் அது காலண்டர் இல்லை, பழைய பேப்பர். குறைவாக அடியுங்கள்.

பழைய பாக்கியைச் சுமந்துகொண்டே போவது

ஏற்கெனவே நோட்டு வைத்திருக்கும் சபைகள் கேட்பது இதைத்தான்: பாக்கியை என்ன செய்வது? நாங்கள் மூன்று மணி நேரம் கமிட்டி போட்டோம். "கஷ்டப்பட்டுக் கட்டினவன் முட்டாளா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் எல்லாப் பாக்கியையும் அடித்துவிட்டோம், போர்டில் போடாமல், கோயிலில் அறிவிக்காமல். ஆளுக்கு நாலு வீடு என்று பிரித்துக்கொண்டு நேரில் போய்ச் சொன்னோம்.

லோடு ஆட்டோக்காரர் வீட்டுக்கு நான் போனேன். திண்ணையில் நாற்காலி போட்டார், காபி வந்தது. பாக்கி இல்லை என்று சொன்னேன். மைக்கில் சொன்னதற்கும் போர்டில் குத்தினதற்கும் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். இந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை எப்படியிருக்கும் என்று பேசினோம். நான் கிளம்பும்போது உள்ளே போய் வந்து, ஒரு கவரைக் கையில் கொடுத்தார். பதினோராயிரமும் இருந்தது. வாங்க மாட்டேன் என்றேன். "எழுதினது எழுதினதுதானே," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கு ரசீது போட்டிருக்கிறேன். வாங்கிக்கொள்ள இன்னும் வரவில்லை.