உடற்கல்விப் பயிற்சி மாணவர்கள் ஓய்வு நேரத்தை அமைத்துக்கொள்ளும் முறை

உடற்கல்வி ஆசிரியருக்கான பட்டப்படிப்பான பி.பி.எட். படிப்பவருக்கு விளையாட்டே பாடமும் தேர்வுமாக இருப்பதால், மாலையில் சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் ஓடும் ஓட்டம் ஓய்வில் சேருமா, வேலையில் சேருமா என்று அவருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே முதலில் ஒரு வாரம், வகுப்பும் பயிற்சியும் போக மிஞ்சும் நேரம் எதில் கழிகிறது என்பதை எழுதி வையுங்கள். பியர்ட், ரகேப் ஆகிய ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்ட ஓய்வுநேர நிறைவு அளவுகோல், உளநிறைவு, கற்றல், நட்புறவு, மனத்தளர்வு, உடல்நலம், அழகுணர்வு என்னும் 6 கூறுகளைக் கொண்டது. உங்கள் குறிப்பில் உடல்நலம் மட்டும் நிரம்பி மற்றவை வெறுமையாக இருந்தால், மாற்ற வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து, உங்களுக்குச் சற்றும் கைவராத ஒன்றைப் பொழுதுபோக்காகத் தேர்ந்தெடுங்கள். கபடியில் மாவட்ட அளவில் ஆடியவர் பறையோ ஓவியமோ கற்கட்டும். சொன்னபடி கை கேளாத தவிப்பு, பந்தைப் பிடிக்கத் தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நிலையை அவருக்குப் புரியவைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் ஓய்வில் நிறைவு கிடைத்துவிட்டால், பிறர் நிலையைத் தன் நிலையாக உணரும் ஒத்துணர்வு தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதற்குத் தனியே பழக வேண்டும்.

அப்படிப் பழகச் சேர்வராயன் மலை நல்ல இடம். ஏற்காட்டின் காபித் தோட்டங்களை ஒட்டி நண்பர்களோடு ஏறும்போது, வேகமாக நடப்பவர்கள் வளைவில் நின்று இளைப்பாறிவிட்டு, பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் "போகலாமா?" என்று கிளம்பிவிடுவார்கள், மிகவும் களைத்தவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். ஒரு முறையாவது அவரோடு கடைசியாக நடந்து பாருங்கள், அடுத்த முறை அவரையே முன்னால் நடக்க விடுங்கள்.

கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியிலும் இதே தவறு நடக்கிறது. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால், கடைசியாக வரும் பிள்ளை மூச்சு வாங்கும்போதே அடுத்த விசில் ஊதப்படுகிறது. அந்தப் பிள்ளையின் மூச்சு சீரான பிறகே விசில் ஊதுங்கள். இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்வதையும் விட்டுவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி அணி பிரியுங்கள். யாரேனும் விழுந்து முழங்காலில் இரத்தம் வந்தால், பதறுவது ஒத்துணர்வு ஆகாது. அருகில் அமர்ந்து, காயத்தைக் கழுவி, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள்.