கள்ள வாக்கு விழாத டேட்டாபேஸ் கருத்துக்கணிப்பு: நான் செய்த முறை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில், ஞாயிறு பின்னேரங்களில் நாலைந்து பேரோடு தொடங்கிய எங்கள் நிரலாக்க வகுப்புக்கு இப்போது கதிரை காணாது. அடுத்த சுற்றில் எந்தத் திறந்த மூல டேட்டாபேஸைப் படிப்பிக்கலாம் என்று எல்லோரிடமும் கேட்க நினைத்தேன். "குரூப்பில ஒரு போல் போட்டா முடிஞ்சுது அண்ணா" என்றான் ஒரு தம்பி. போட்டேன். வாட்ஸ்அப் போலில் யார் எதற்குப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அறை தந்த சேர் முதல் ஆளாக மைஎஸ்கியூஎல்லைத் தொட்டார். அதற்குப் பிறகு வந்த பெயர்களெல்லாம் சேருக்குப் பின்னால் வரிசையாக நின்றன. மரியாதையை எண்ணுவதென்றால் அமோக வெற்றி.

கூகுள் ஃபோர்ம்ஸ் போதாதா என்று கேட்பீர்கள். ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் எல்லோரும் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும். எங்கள் ஆட்களில் மூன்று கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு, கடவுச்சொல்லை மறந்தவர்களும் உண்டு. அதனால் சொந்தமாகவே எழுதினேன். பைத்தான் மொழியும், அதில் இணையப் பக்கம் எழுத உதவும் பிளாஸ்க்கும் போதும். அவற்றை நிறுவுவது பற்றி இங்கே சொல்லவில்லை, அது தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வி

"உங்களுக்குப் பிடித்தது எது?", "வேலையில் பாவிப்பது எது?", "படிக்க விரும்புவது எது?" இந்த மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

"பாவிப்பது எது" என்று கேட்டால் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் பலரின் மடிக்கணினியில் ஸாம்ப் இருக்கிறது, வெப் சேர்வரையும் டேட்டாபேஸையும் ஒன்றாக நிறுவித் தரும் பொதி அது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மைஎஸ்கியூஎல் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் 2015இலிருந்து அதற்குள்ளே ஓடுவது மரியாடிபி என்ற வேறு டேட்டாபேஸ். நம்பாவிட்டால் செலெக்ட் வெர்ஷன் என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஒரு தங்கச்சியின் கணினியில் ஓட்டியபோது 10.4.32 என்ற எண், ஒரு சிறு கோடு, அதன் பின்னால் மரியாடிபி என்று வந்தது. "அப்ப நான் ரெண்டு வருஷமா எதைப் படிச்சனான்?" என்று கேட்டாள். தன் கணினியில் ஓடுவது எதென்று தெரியாதவரிடம் எதைப் பாவிக்கிறீர்கள் என்று கேட்டு என்ன பயன்? அதனால் நான் "படிக்க விரும்புவது" என்பதையே கேட்டேன்.

படி 2: வேட்பாளர் பட்டியல்

மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட். இவை நாலும் நிச்சயம். மரியாடிபி 2009இல் மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்தது என்பதற்காக இரண்டையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது, தனித்தனியாக விடுங்கள். மொங்கோடிபியைச் சேர்க்கலாமா என்று குரூப்பில் பெரிய சண்டை. 2018 ஒக்டோபரில் அது எஸ்எஸ்பிஎல் உரிமத்துக்கு மாறியது. எது திறந்த மூல உரிமம் என்று தீர்மானிக்கும் திறந்த மூல முன்னெடுப்பு அமைப்பு அதை அங்கீகரிக்கவில்லை. நான் எடுத்துவிட்டேன். ரெடிஸ் கதை இன்னும் சுற்று. 2024 மார்ச்சில் உரிமத்தை மாற்றியது, கோபித்தவர்கள் பிரிந்துபோய் வால்கியைத் தொடங்கினார்கள், 2025இல் ரெடிஸ் 8 வந்தபோது அந்த அமைப்பு அங்கீகரித்த ஏஜிபிஎல் உரிமமும் சேர்ந்தது. ஆகவே அது உள்ளே.

"வேறு" என்று எழுதவிடும் கட்டத்தை மட்டும் வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ், போஸ்ட்கிரி, பிஜி என்று ஒன்றையே பல விதமாக எழுதுவார்கள். பிறகு நீங்கள்தான் இருந்து எண்ண வேண்டும்.

படி 3: வாக்குப்பெட்டி

நான் எஸ்கியூலைட்டில் வைத்தேன். வேட்பாளரின் வீட்டிலேயே வாக்குப்பெட்டியா என்று ஒருவர் பகிடி பண்ணினார். என்ன செய்வது, இந்த அளவு வேலைக்கு அதைவிடச் சுகமானது இல்லை. ஒரே கோப்பு, தனியாகச் சேர்வர் தேவையில்லை. இரண்டு அட்டவணைகள் போதும். ஒன்றில் டோக்கனும் (ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் இரகசியக் குறியீடு, அடுத்த படியில் வரும்) அது பாவிக்கப்பட்டதா என்ற அடையாளமும். மற்றதில் டோக்கனும் தெரிவும். பின்னதில் இந்த இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று யூனிக் கட்டுப்பாடு போடுங்கள்.

படி 4: ஒருவருக்கு ஒரு வாக்கு

என்னைப் படுத்திய இடம் இதுதான். தேர்தலில் என்றால் விரலில் மை பூசுகிறார்கள். இணையத்தில் விரல் ஏது?

முதலில் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஒரு இணைப்புக்குள்ள எண்ணை, எடுத்தேன். ஒரு முகவரியிலிருந்து ஒரு வாக்கு. வீட்டில் சோதித்தேன், வடிவாக வேலை செய்தது. சேர்வரில் ஏற்றி இணைப்பை அனுப்பிவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரே ஒரு வாக்கு. குரூப் முழுக்க "நீங்கள் ஏற்கனவே வாக்களித்துவிட்டீர்கள்" என்ற ஸ்கிரீன்ஷொட்டுகள். எனக்கு வேர்த்துவிட்டது.

காரணம்: பிளாஸ்க்குக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் நிற்கிறது, கோரிக்கைகளை வாங்கி உள்ளே கடத்திவிடும் இடைத்தரகர் (புரொக்ஸி) அது. வெளியிலிருந்து யார் வந்தாலும் பிளாஸ்க்குக்குத் தெரிவது என்ஜின்எக்ஸின் முகவரி, அதாவது 127.0.0.1. முழு வகுப்பும் ஒரே ஆள் ஆகிவிட்டது. உண்மையான முகவரியை என்ஜின்எக்ஸ் எக்ஸ் ஃபோர்வர்டட் ஃபோர் என்ற தலைப்பில் அனுப்பும்படி அமைத்து, பிளாஸ்க் பக்கத்தில் அந்தத் தலைப்பை வாசிக்கும் புரொக்ஸிஃபிக்ஸைப் போட்டால் அது சரியாகும். எத்தனை புரொக்ஸியை நம்புவது என்ற எண்ணை 1 என்றே வையுங்கள். கூட்டி வைத்தால் அந்தத் தலைப்பில் யாரும் பொய் முகவரி எழுதி அனுப்பலாம்.

சரிசெய்தேன். அப்போதும் சிலருக்கு வாக்களிக்க முடியவில்லை. மொபைல் டேட்டாவில் வருபவர்களுக்குத் தனித்தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. ஐபிவி4 முகவரிகள் பற்றாததால் நிறுவனங்கள் ஒரு முகவரிக்குப் பின்னால் நிறையப் பேரை வைத்திருக்கின்றன. உங்கள் போனுக்குக் கிடைத்த முகவரி 100.64இல் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வீட்டு வைஃபையிலும் அண்ணனும் தங்கச்சியும் ஒரே முகவரிதான். வாக்களித்தவரின் பிரவுசரில் குக்கி என்ற சிறு அடையாளத்தை வைக்கலாமே என்பார்கள். பழைய குக்கிகள் இல்லாத பிரைவேட் விண்டோ திறக்கத் தெரியாத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை.

கடைசியில் ஐபியைத் தூக்கி எறிந்துவிட்டு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தேன். பைத்தானின் சீக்ரெட்ஸ் மாட்யூலில் டோக்கன் யூஆர்எல்சேஃப் என்று ஒன்று இருக்கிறது. அதால் உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பாக அனுப்புங்கள். ரேண்டம் மாட்யூலைப் பாவிக்காதீர்கள், அதன் எண்களை ஊகிக்க முடியும். யாருக்கு எந்த டோக்கன் என்ற பட்டியலையும் வைத்திருக்காதீர்கள், இல்லாவிட்டால் இரகசிய வாக்கு என்று சொல்ல முடியாது.

டோக்கன் பாவிக்கப்பட்டதா என்று முதலில் வாசித்து, பிறகு எழுதுவது பிழை. போன் மெதுவாக இருந்தால் ஆட்கள் பொத்தானை இரண்டு தரம் அமத்துவார்கள். இரண்டு கோரிக்கையும் ஒரே நேரத்தில் வாசித்து, இரண்டுக்குமே "இன்னும் பாவிக்கவில்லை" என்று பதில் வரும். அதற்குப் பதிலாக "பாவிக்கப்படாமல் இருந்தால் பாவித்ததாக மாற்று" என்று ஒரே அப்டேட் கட்டளையில் எழுதுங்கள். மாறிய வரிசைகளின் எண்ணிக்கை 1 என்றால் மட்டும், அதே டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காத ஒரு தொகுதி) வாக்கைச் சேருங்கள். 0 என்றால் திருப்பி அனுப்புங்கள்.

படி 5: எண்ணுவது

நம் பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கு மாதிரி மூன்று வரை தெரிவு செய்ய விட்டேன். அப்படியென்றால் வீதத்தை வாக்களித்த ஆட்களின் தொகையால் பிரிக்க வேண்டும், விழுந்த வாக்குகளின் தொகையால் அல்ல. 10 பேர் ஆளுக்கு இரண்டு போட்டு, அதில் 6 பேர் போஸ்ட்கிரெஸைத் தொட்டிருந்தால் அது 60 வீதம், 30 அல்ல. கூட்டினால் நூறைத் தாண்டும், பயப்பட வேண்டாம். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பிலும் அப்படித்தான். 2023இல் போஸ்ட்கிரெஸ் மைஎஸ்கியூஎல்லை முந்தியதும் அந்தக் கணக்கெடுப்பில்தான்.

பெயர்களின் வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்துக் காட்டுங்கள். முடிவு நாள் வரை எண்ணிக்கையைக் காட்டாதீர்கள், ஏன் என்று சேரின் கதையில் பார்த்தீர்கள்.

"டிபி என்ஜின்ஸில் பார்த்தால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். 2012இல் வியன்னாவில் தொடங்கி மாதாமாதம் வரும் அந்த டேட்டாபேஸ் தரவரிசைப் பட்டியல் யாரிடமும் வாக்குக் கேட்பதில்லை. தேடுபொறிகளில் எத்தனை முறை பெயர் வருகிறது, வேலை விளம்பரங்களில் எவ்வளவு, லிங்க்ட்இன் பக்கங்களில் எவ்வளவு என்று கூட்டிப் புள்ளி போடுகிறது. எத்தனை கணினியில் ஓடுகிறது என்று அது சொல்வதில்லை. ஓடும் எண்ணிக்கை என்றால் எஸ்கியூலைட்டை யார் அசைப்பது? ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் செய்திகளே எஸ்கியூலைட் கோப்பில்தான் கிடக்கின்றன. நான் போல் போட்ட அதே வாட்ஸ்அப்!

பிறகு சேர்த்தது 1: இதை வாசித்த ஒருவர், இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டியவுடனேயே டோக்கன் செலவாகிவிடுகிறது என்றார். அவர் இணைப்பைத் திறந்தாலே வாக்கு விழும்படி எழுதியிருந்தார். முன்னோட்டப் படம் எடுக்க வாட்ஸ்அப் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கும். அந்தத் திறப்பிலேயே வாக்கும் விழுந்துவிட்டது. பக்கத்தைத் திறக்கும் கெட் கோரிக்கைக்குப் படிவத்தை மட்டும் காட்டுங்கள், பொத்தானை அமத்தும்போது போகும் போஸ்ட் கோரிக்கை வந்தால் மட்டும் எண்ணுங்கள்.

பிறகு சேர்த்தது 2: "டேட்டாபேஸ் இஸ் லாக்ட்" என்று வருகிறதாம். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் டபிள்யூஏஎல் முறைக்கு மாற்றி, பூட்டுத் திறக்கும்வரை காத்திருக்கும் நேரமான பிஸி டைம்அவுட்டை 5000 மில்லிசெக்கன் வையுங்கள்.

பிறகு சேர்த்தது 3: முடிவு என்ன என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். போஸ்ட்கிரெஸ் முதலாவது. ஆனால் முதல் இரண்டு ஞாயிறும் மரியாடிபியில்தான் போனது, ஸாம்ப் எல்லோருடைய கணினியிலும் ஏற்கனவே இருந்ததால். சேருக்கு இன்றைக்கும் அது மைஎஸ்கியூஎல்தான்.