குளூட்டன் வரம்பு: மில்லிகிராமில் தொடங்கி பி.பி.எம்.மில் முடியும் கணக்கு

குளூட்டன் என்ற தானியப் புரதத்தால் சிறுகுடல் சேதமடையும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்காக உணவு தயாரிக்க முன்வருபவர்கள் முதலில் கேட்பது, குளூட்டன் எத்தனை பி.பி.எம். வரை இருக்கலாம் என்பதுதான். இருபது என்ற விடையும் உடனே கிடைத்துவிடும். அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் மட்டும் உணவு பாதுகாப்பானதாகிவிடாது. பி.பி.எம். என்பது ஒரு கிலோ உணவில் எத்தனை மில்லிகிராம் குளூட்டன் கலந்திருக்கிறது என்னும் செறிவுக் கணக்கு. நோயாளியின் சிறுகுடலுக்குச் செறிவு தெரியாது. ஒரு நாளில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் உள்ளே வந்தது என்பதற்கே அது எதிர்வினை காட்டும். ஆகவே வரம்பை நிர்ணயிக்கும் வேலையை நோயாளி உட்கொள்ளும் நாளளவிலிருந்து தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பொருளின் செறிவுக்கு வந்து சேர வேண்டும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் புரதத் தொகுப்பையே இங்கே குளூட்டன் என்கிறோம். புரோலினும் குளூட்டமினும் மிகுந்த இந்தப் புரதங்களைச் செரிமான நொதிகளால் முழுமையாக உடைக்க இயலாது. கோதுமையின் கிளையாடின் என்னும் குளூட்டன் புரதத்திலிருந்து 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, வயிற்றையும் கணையச் சாற்றையும் தாண்டி உடையாமல் குடல் சுவரை அடைகிறது. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி அதைச் சற்றே மாற்றுகிறது, டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபுக்கூறு உடையவர்களில் ஒரு பகுதியினரின் நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. அந்தத் தாக்குதலில், சிறுகுடல் சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்களான குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சூட்டில் இந்தப் புரதம் அழிந்துவிடும் என்று நம்பி, கோதுமைப் பண்டங்கள் பொரித்த அதே எண்ணெயில் பொரித்தால் தவறில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

நாளளவுக்கு அடிப்படையாக இன்றும் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, 2007ஆம் ஆண்டில் கார்லோ கட்டாசி தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு. குறைந்தது இரண்டு ஆண்டுகளாகக் குளூட்டன் தவிர்த்து வந்த 49 பெரியவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் வழக்கமான உணவோடு தினமும் ஒரு மாத்திரைக் கூட்டைக் கொடுத்தார்கள். சிலருக்கு அதில் 10 மில்லிகிராம் குளூட்டன் இருந்தது, சிலருக்கு 50 மில்லிகிராம், மற்றவர்களுக்கு வெற்றுப்பொருள். 90 நாட்களுக்குப் பின் திசு மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, 50 மில்லிகிராம் உட்கொண்டவர்களின் குடலுறிஞ்சிகள் தெளிவாகச் சேதமடைந்திருந்தன. 10 மில்லிகிராம் குழுவில் அத்தகைய சேதம் பொதுவாகத் தென்படவில்லை. எனினும் அந்தக் குழுவில் ஒருவருக்கு நோயின் அறிகுறிகள் திரும்பின. அந்த ஒருவரை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்பது பெரும்பாலோர் தாங்கும் அளவுதான், எல்லோரும் தாங்கும் அளவன்று என்பதை வரம்பு வகுப்பவர் மறக்காமல் இருக்க அவர் ஒருவரே போதும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒருவர் குளூட்டன் இல்லாதது என்று விற்கப்படும் ரொட்டி, பாஸ்தா, பிஸ்கட் போன்றவற்றை நாளொன்றுக்கு அரை கிலோ சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவை ஒவ்வொன்றும் 20 பி.பி.எம். என்ற விளிம்பிலேயே இருந்தால், உள்ளே போவது 10 மில்லிகிராம். அதே அரை கிலோ 100 பி.பி.எம்.மில் இருந்தால், சேதம் விளைவித்த அந்த 50 மில்லிகிராமை அவர் தொட்டுவிடுகிறார். இருபது என்ற எண் நிலைபெற்றதன் பின்னணியில் இந்த எளிய பெருக்கல் இருக்கிறது. உங்கள் பொருளுக்கும் இதையே செய்து பாருங்கள்: அதை அதிகமாக உண்பவர் ஒரு நாளில் எத்தனை கிராம் உண்பார், அவரது தட்டில் அதே நாளில் வேறு எவையெல்லாம் இருக்கும் என்று மதிப்பிட்டு, 10 மில்லிகிராமில் உங்கள் பொருள் எத்தனை பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யுங்கள். அன்றாடம் 200 கிராம் உண்ணப்படும் ரொட்டிக்கு நாளளவில் நான்கில் ஒரு பங்கை, அதாவது இரண்டரை மில்லிகிராமை ஒதுக்கினால், ரொட்டியின் செறிவு 12.5 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்கான பொருளானால், உடல் எடையை மனத்தில் கொண்டு ஒதுக்கீட்டை இன்னும் சுருக்குவதே விவேகம்.

சட்டம் சொல்லும் எண்கள் இந்தக் கணக்குக்கு மேலே போடப்பட்ட கூரை மட்டுமே. கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரநிலைத் தொகுப்பின் குளூட்டன் தரநிலை 2008இல் திருத்தப்பட்டபோது, குளூட்டன் இல்லாதது என்று கூற 20 பி.பி.எம். உச்சவரம்பாக ஏற்கப்பட்டது; குளூட்டனைக் குறைக்கச் சிறப்பாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்கு 20க்கு மேல் 100 வரை தனி வகை வைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 20 என்ற வரம்பையும், மிகக் குறைந்த குளூட்டன் என்ற 100 வரையிலான வகையையும் கடைப்பிடிக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் வெளியிட்ட விதியின்படி அளவு 20க்குக் கீழ் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கண்டறியத்தக்க குளூட்டன் எதுவும் இருக்கக் கூடாது என்கின்றன. கடைசியாகச் சொன்னது கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும், கண்டறிவது கருவியின் திறனைப் பொறுத்தது. கருவி நுண்மையாக ஆக ஆக வரம்பும் தானே நகரும். தயாரிப்பாளருக்கு இது சங்கடம்தான்.

இருபது பி.பி.எம். எவ்வளவு சிறிது என்பதைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு, அதாவது இரு விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை, கலந்தாலே 20 பி.பி.எம்.மைத் தாண்டிவிடும். நூறு கிலோ பேட்சுக்கு 20 முதல் 25 கிராம், ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி. கலவை இயந்திரத்தின் துடுப்பு தண்டோடு சேரும் இடுக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் பசை மாவைச் சுரண்டி எடுத்து நிறுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த எடை புதிதாகத் தோன்றாது. சல்லடையின் விளிம்பு, தூரிகையின் முடிகள், ஊழியரின் முன்கவசம், பக்கத்து மேசையிலிருந்து மிதந்து வரும் மாவுத்தூசி ஆகியவை எல்லாம் இதே கணக்கில் சேரும். முடிந்தால் கோதுமையை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே விடாதீர்கள். முடியாவிட்டால், குளூட்டன் இல்லாத வேலையை நாளின் முதல் வேலையாக வைத்துக்கொண்டு, கழுவ முடியாத கருவிகளைத் தனியே வாங்கி வண்ணமிட்டுப் பிரித்து வையுங்கள். காற்றை அடித்துத் தூசி தட்டுவது தூய்மைப்படுத்துவதாகாது. ஓர் இடத்துத் தூசியை எல்லா இடத்துக்கும் பரப்புவதுதான் அது.

அடுத்து, தொழிற்சாலைக்குள் வைத்துக்கொள்ளும் எண்ணைச் சட்ட எண்ணிலிருந்து பிரிக்க வேண்டும். ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்கள் சோதித்தால் ஒரே விடை வருவதில்லை. புரதத்தைப் பிரித்தெடுப்பதில், கரைசலை நீர்க்கச் செய்வதில், சோதனைப் பெட்டியின் வகையில் எல்லாம் வேறுபாடு நுழைகிறது. ஆகவே 18 வந்த பேட்சை 20க்குக் கீழ் என்று சொல்லி அனுப்புவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். உள்வரம்பை 10 பி.பி.எம். என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை; தனியார் சான்றிதழ்த் திட்டங்கள் சில கேட்பதும் அதுவே. மூலப்பொருளுக்கு 5 பி.பி.எம். என்ற நிபந்தனையை வழங்குபவரிடம் எழுத்தில் பெற்றுவிட்டால், இடையில் நேரும் சிறு கலப்புக்கும் இடம் மிஞ்சும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்து மூட்டைகளிலிருந்து சமமாக எடுத்துக் கலந்து ஒரே சோதனை செய்து 8 பி.பி.எம். என்று அறிக்கை வருகிறது; எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஒன்பது மூட்டைகளில் எதுவுமே இல்லாமல், பத்தாவதில் மட்டும் 80 இருந்தாலும் அறிக்கை இதையேதான் சொல்லும். அந்தப் பத்தாவது மூட்டையிலிருந்து செய்த பொட்டலத்தை வாங்கியவருக்குச் சராசரியால் என்ன பயன்? கலப்பு மாதிரியின் முடிவு ஐந்துக்கு மேல் வந்தாலே மூட்டைகளைத் தனித்தனியே சோதிக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்ஸில் இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. மாவில் கலப்பு ஓரளவு பரவி நிற்கும். ஓட்ஸிலோ அது முழுத் தானியமாகவே ஒளிந்திருக்கும். ஒரு கோதுமை மணியில் சுமார் மூன்று மில்லிகிராம் குளூட்டன் உண்டு. ஐம்பது கிராம் ஓட்ஸில் அந்த ஒரே மணி விழுந்தால் அந்தக் கிண்ணத்தின் செறிவு 60 பி.பி.எம்.; அடுத்த கிண்ணத்தில் பூஜ்யம். கால் கிராம் மாதிரியை எடுத்துச் சோதிப்பவர் அந்த மணியைச் சந்திக்காமலே போவார். எனவே ஓட்ஸுக்கு வரம்பை எண்ணால் மட்டும் எழுதாமல், ஒரு கிலோவில் எத்தனை அயல் மணிகள் வரை அனுமதி என்றும் எழுத வேண்டும். ஆறேழு மணிகளிலேயே ஒரு கிலோவின் சராசரி 20ஐ எட்டிவிடும் என்பதால், இரண்டுக்கு மேல் அனுமதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனினைப் பெரும்பாலான நோயாளிகள் தாங்கினாலும் ஒரு சிறு பிரிவினர் தாங்குவதில்லை. அந்த முடிவை அவரவர் மருத்துவரிடம் விட்டுவிடுவது நல்லது.

சோதனை முறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனையே எலைசா. கோடெக்ஸ் ஏற்றுள்ள ஆர்5 எலைசா முறை, குளூட்டனில் புரோலமின் என்னும் பகுதியை (கோதுமையில் இதுவே கிளையாடின்) அளந்து, அதை இரண்டால் பெருக்கிக் குளூட்டனாகக் காட்டுகிறது. அறிக்கையில் இருப்பது கிளையாடினா குளூட்டனா என்று பார்க்காமல் விட்டால், 15 என்று படித்தது உண்மையில் 30 ஆக இருக்கலாம். இந்த முறை கோதுமையைக் கொண்டு அளவு திருத்தப்பட்டதால், பார்லிக் கலப்பைக் கூட்டிக் காட்டும் இயல்புடையது. ஐந்துக்குக் கீழ் என்று அறிக்கை சொன்னால், அந்த முறையால் நம்பகமாக அளக்க முடியாத அளவு என்றுதான் பொருள், பூஜ்யம் என்று பொருள் அல்ல. சாக்லேட், தேயிலை போன்ற பாலிஃபீனால் மிகுந்த பொருட்களில் புரதம் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். அதற்கான சேர்மானத்தோடு பிரித்தெடுத்தார்களா என்று ஆய்வகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேசையைத் துடைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனைகள் தூய்மையைச் சரிபார்க்க உதவும், பொருளின் பி.பி.எம்.மை அவற்றால் சொல்ல முடியாது.

புளிக்கவைத்த உணவுகளுக்கு மேற்கண்ட எண்கள் அப்படியே பொருந்தா. பார்லி மால்ட் சேர்ந்த பானங்களிலும், கோதுமை சேர்ந்த புளிப்புச் சாறுகளிலும் குளூட்டன் சிறு துண்டுகளாக உடைந்துவிடும். வழக்கமான எலைசாவுக்கு ஒரே மூலக்கூறில் இரண்டு பிடிமான இடங்கள் தேவை. உடைந்த துண்டில் ஒன்றுதான் இருக்கும். அளவு குறைந்து தெரியும், தீங்கு குறைந்திருக்காது. ஒரே பிடிமான இடம் போதுமான போட்டி எலைசா என்ற மாற்று முறை ஓரளவு உதவும். ஆயினும் அமெரிக்க நிர்வாகம் 2020இல் இத்தகைய உணவுகளுக்கு விதி செய்தபோது, புளிக்கவைக்கும் முன்பே மூலப்பொருள் குளூட்டன் இல்லாததாக இருந்ததற்கான பதிவேட்டைத்தான் கேட்டது. நீங்களும் அதையே செய்யுங்கள்: வரம்பைத் தொட்டியின் வாயிலில் வையுங்கள், குப்பியின் வாயில் அல்ல. வாலையில் வடித்த பொருளில் புரதம் மேலேறி வராது என்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை. வடித்தபின் சேர்க்கும் மணமூட்டியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

உள்வரம்பு 10 என்று வைத்தபின் ஒரு நாள் 14 வரும். சட்டப்படி அது விற்கத்தக்கது. அப்போது மறுசோதனைக்கு அனுப்பி, 8 என்ற விடை வரும்வரை காத்திருந்து, அதை மட்டும் கோப்பில் வைப்பது பெருந்தவறு. இரண்டு முடிவுகளையும் பதிவேட்டில் எழுதுங்கள், இரண்டில் பெரியதையே பேட்சின் அளவாகக் கொள்ளுங்கள். பேட்சை நிறுத்திவைத்து, அன்று பயன்படுத்திய மூட்டைகளையும் அதற்கு முன் அதே இயந்திரத்தில் ஓடிய பொருளையும் தேடிக் கண்டுபிடியுங்கள். காரணம் கிடைக்காத பேட்சைக் குளூட்டன் இல்லாதது என்ற சொல் அச்சிடாத உறையில் மாற்றி விற்கலாம். கலப்புக்கு வாய்ப்புண்டு என்ற எச்சரிக்கை அந்த உறையில் இருக்கட்டும்.