ஸாப்-70 வேலையில் இறங்கிவிட்டதா? வெஸ்டர்ன் பிளாட்டில் பிடிப்பது எப்படி

டி செல் தூண்டப்பட்டதா என்று பார்க்க எல்லோரும் அது சுரக்கும் ஐஎல்-2 புரதத்தை அளக்கத்தான் ஓடுகிறார்கள். அது வெளியே வர மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் பார்ப்பது டி செல்லுக்குள் இருக்கும் ஸாப்-70 என்சைமை. டி செல்லின் ஏற்பி தூண்டப்பட்டதும் எல்சிகே என்ற இன்னொரு என்சைம், ஏற்பியோடு சேர்ந்த சிடி3 புரதங்களின் உள்வால்களில் பாஸ்பேட் ஏற்றும். ஸாப்-70 அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதன் 319, 493ஆம் டைரோசின்களிலும் பாஸ்பேட் ஏறும். எல்லாம் ஓரிரு நிமிடத்தில் நடந்து, சீக்கிரமே இறங்கத் தொடங்கிவிடும். அதனால் இந்தச் சோதனையில் கடிகாரமும் ஐஸும்தான் முக்கியம்.

நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் ஜுர்காட் செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித டி செல் வகை) எடுத்து, சீரம் போகக் கழுவி, 37 டிகிரியில் சற்று நேரம் வையுங்கள். தூண்ட, சிடி3-ஐப் பிடிக்கும் ஓகேடி3 ஆன்டிபாடி. 0, 1, 2, 5, 10 நிமிடம் என்று குழாய்கள். 10 நிமிடக் குழாயில் முதலில் ஆன்டிபாடி விடுங்கள், 1 நிமிடக் குழாயில் கடைசியாக; எல்லாம் ஒன்றாக முடியும்.

நிறுத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல் திரவத்தைக் கொட்டி, அப்புறம் செல்களை உடைக்கும் லைசிஸ் பஃபர் ஊற்றினால் உங்கள் 2 நிமிடம் 7 நிமிடமாகியிருக்கும். இரட்டைச் செறிவு பஃபரை ஐஸ் குளிரில் வைத்திருந்து, செல்கள் இருக்கும் குழாயிலேயே சம அளவு ஊற்றிவிடுங்கள். அதில் சோடியம் ஆர்த்தோவனடேட் கட்டாயம். இல்லாவிட்டால் பாஸ்பேட்டேஸ்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடும். வனடேட்டை பிஎச் 10-இல் மஞ்சள் நிறம் மறையும் வரை கொதிக்க வைத்துத் தயார் செய்ய வேண்டும். கலங்கலாகவோ மஞ்சளாகவோ இருந்தால் நான் தொடவே மாட்டேன்.

பிறகு புரதங்களை ஜெல்லில் பிரித்து மெம்பிரேனுக்கு மாற்றுங்கள். மெம்பிரேனின் வெற்றிடங்களை மூடும் பிளாக்கிங்குக்குப் பால்பொடி வேண்டாம், பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) போதும். பாலின் கேசினே பாஸ்பேட் சுமக்கும் புரதம். முதலில் பாஸ்பேட் ஏறிய 319-ஐ மட்டும் பிடிக்கும் பாஸ்போ-319 ஆன்டிபாடி, மெம்பிரேனிலிருந்து அதைக் கழற்றியபின் பாஸ்பேட் ஏறியது, ஏறாதது எல்லாவற்றையும் பிடிக்கும் மொத்த ஸாப்-70 ஆன்டிபாடி. மொத்த பேண்ட் 0 முதல் 10 நிமிடம் வரையான எல்லாப் பாதைகளிலும் (ஜெல்லின் லேன்கள்) ஒரே அளவில் இருக்கும், இருக்கவும் வேண்டும். தூண்டுதலைச் சொல்வது பாஸ்போ பேண்ட் மட்டுமே.

ஒப்பிட, ஒரு பாதையில் பாஸ்பேட்டேஸ்களை முடக்கும் பெர்வனடேட் கொடுத்த செல்கள், இன்னொன்றில் ஸாப்-70 இல்லாத ஜுர்காட் வகையான பி116 செல்கள். பெர்வனடேட் பளிச்சென்றும் ஓகேடி3 மங்கலாகவும் வந்தால் பிளாட்டைக் குறை சொல்லாதீர்கள். ஓகேடி3 சுண்டெலி ஆன்டிபாடி; அதைச் சுண்டெலி எதிர்ப்பு ஆன்டிபாடியால் குறுக்கே இணைத்து மறுபடி தூண்டுங்கள். அப்போது 50, 25 கிலோடால்டனில் புதிதாக பேண்டுகள் தெரியலாம். அவை நீங்கள் ஊற்றிய ஆன்டிபாடியின் சங்கிலிகள். ஸாப்-70 நிற்கும் 70 கிலோடால்டனை மட்டும் பாருங்கள்.